கை எடை

வாங்க தம்பி, உள்ள வாங்க. குனிஞ்சு வாங்க, வாசப்படி தாழ்வு. போன மாசம் வந்த சூப்பர்வைசரம்மாவே நெத்தியில வாங்கிட்டுத்தான் போனாங்க.

என்னது, எடை மிஷினா? நெசமாலுமா? பேரைச் சரியாப் பார்த்தீங்களா, வேலங்காட்டுப்புதூர் பால்வாடின்னே போட்டிருக்குதா? ஒம்பது வருசமுங்க தம்பி. ஒம்பது வருசமா இதைக் கேட்டு நான் எழுதாத கடுதாசி இல்ல. வர்ற வைகாசியோட எனக்கு ஓய்வு. இப்ப வந்து நிக்குது பாருங்க, அட்டைப் பொட்டிக்குள்ள. சரி போகட்டும், எனக்கில்லாட்டி அடுத்து வர்றவளுக்கு ஆச்சு.

இந்தச் சேர்ல உக்காருங்க. இருங்க, உங்க பையை அதுமேல வெச்சுட்டீங்க, நான் எடுத்துக் கீழ வெக்கறேன். அடேங்கப்பா! என்னங்க இதுக்குள்ள, பாறாங்கல்லா? பதிமூணரைக் கிலோ இருக்குமே. சொல்லாதீங்க, சொல்லாதீங்க. நான் பதிமூணரைன்னா அது பதிமூணரைதான். கையில தூக்குனா எனக்கு எடை தெரியுமுங்க. சிரிக்காதீங்க தம்பி, மேலதிகாரிங்களே ஒத்துக்கிட்ட விசயம் அது.

அரை மணி நேரம் சார்ஜ் ஏறணுமா? அந்த ஜன்னலுக்குக் கீழ பிளக் இருக்குது, சொருகுங்க. இன்னொரு பிளக்குல மழைத்தண்ணி ஒழுகுது, அதைத் தொட்டுறாதீங்க. அப்ப அரை மணி நேரம் நீங்க இங்கதான். நல்லதாப் போச்சு. திரும்பிப் போறப்ப ப்ராஜெக்ட் ஆபீஸ் வழியாத்தானுங்க போவீங்க? இந்தக் கையெழுத்துத் தாளை அங்கதானே குடுக்கணும்? அப்ப எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. இந்தக் கவரை அங்க தபால் வாங்கற கிளார்க்குகிட்டக் குடுத்துருங்க. ஒட்டியாச்சு. இன்னைக்குத்தான் கடைசி நாள். நான் இந்தப் பத்தொம்பது உருப்படியை ஆருகிட்ட விட்டுப்போட்டு பஸ் ஏறுறது, சொல்லுங்க. சட்டைப் பையிலயே வெச்சுக்கங்க, மறந்துறாதீங்க.

எனக்கு மெமோ வந்திருக்குதுங்க. அதுக்குப் பதில் அது.

இருபத்தெட்டு வருசத்துல மொத மெமோ. மயிலா டீச்சருக்கு மெமோன்னு ஊருக்குள்ள சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. பேசிக்கிட்டே முட்டை உரிச்சுப்போடறேன், உங்களுக்கு ஒண்ணுமில்லீங்களே? அந்தக் குண்டாவைச் சித்த இறக்கி வெச்சிருங்க தம்பி. சோத்துக் கை மேல தூக்க வர மாட்டேங்குது. அங்க, ஆமா. புண்ணியமாப் போகட்டும்.

டேய் பிரணவ்! அந்தப் பொட்டி அட்டையைக் கிழிக்காத சாமி. அது சர்க்கார் அட்டை. வா, ஜன்னலோரமா உக்காந்துக்க. கால்சட்டையைப் புடிச்சுக்கிட்டு நட.

எங்க விட்டேன்? மெமோ. இல்லீங்க, மெமோவை அப்பறம் சொல்றேன், முன்னால கை விசயத்தைச் சொல்லிடறேன். அது தெரியாட்டி இது வெளங்காது.

முன்ன இங்க ஒரு எடை தராசு இருந்துச்சுங்க. தொங்கத் தராசு. அந்த விட்டத்துல கொக்கி தெரியுதில்ல, அங்கதான் மாட்டியிருப்போம். கீழ ஒரு துணி ஜட்டி மாதிரி இருக்கும், அதுல புள்ளையக் காலை விட்டு உக்கார வெச்சு விட்டோம்னா முள்ளு ஓடும். புள்ளைங்க கத்துற கத்துல கூரை ஓடு பறக்கும். மாசாமாசம் எடை போட்டு, வளர்ச்சி அட்டையில புள்ளி வெக்கணும். பச்சையில விழுந்தா நல்ல எடை. மஞ்சள்னா கொறைச்சல். சிவப்புன்னா உடனே எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். இந்த வேலையில மத்ததெல்லாம் முன்னப்பின்ன இருந்தாலும் இது ஒண்ணு பெசகக் கூடாது.

எனக்கு அப்பவே ஒரு வழக்கம். தராசுல வெக்கறதுக்கு முன்னால புள்ளைய ரெண்டு கையாலயும் அக்குளுக்குக் கீழ புடிச்சு நேராத் தூக்குவேன். இடுப்புல சாய்க்கக் கூடாதுங்க, சாய்ச்சா பாரம் இடுப்புக்குப் போயிரும், கைக்கு வராது. தூக்கி, ஒண்ணு ரெண்டு மூணு எண்ணி, பத்தே முக்கால்னு சொல்லுவேன். ஆயா குருவாத்தா தராசுல வெப்பா. பத்தே முக்கால் காட்டும். அவ வாயில கையை வெச்சுக்குவா. ஒரு தடவை ரெண்டு தடவை இல்லீங்க, வருசக்கணக்கா. நூறு கிராம் முன்னப்பின்ன இருக்கும், அவ்வளவுதான்.

அப்பறம் தராசோட ஸ்பிரிங் இழுத்துப்போச்சு. ஒண்ணுமே வெக்காம ரெண்டு கிலோ காட்டுது! காத்துக்கு ரெண்டு கிலோ. எழுதிப் போட்டேன். வருது வருதுன்னாங்க. அடுத்த வருசம் எழுதினேன். லிஸ்ட்ல இருக்குதுன்னாங்க. கையைச் சுத்தி அளக்க ஒரு நாடா குடுத்திருந்தாங்க, மூணு நிறம் போட்டது. அதைப் புள்ளைங்க சப்பிச் சப்பி, நான் தொவைச்சுத் தொவைச்சு, மூணு நிறமும் வெள்ளையாப் போச்சு.

இதுக்கு நடுவுல போன் வந்துருச்சுங்க. மாசம் இருபத்தஞ்சாந் தேதிக்குள்ள ஒவ்வொரு புள்ளை எடையும் போன்ல ஏத்தணும். ஏத்தாட்டி எங்க மையம் பேருக்கு நேரா ஆபீஸ்ல தெரியும், வேலை செய்யலைன்னு. நான் சூப்பர்வைசரம்மாகிட்ட, தராசு இல்லாம எதைங்கம்மா ஏத்தறதுன்னு கேட்டேன். அந்தம்மா ரோசனை பண்ணிச்சு. பண்ணிப்போட்டு அதோட கைப்பையை எங்கிட்டக் குடுத்துச்சு. "இது எவ்வளவு சொல்லுங்க பாக்கலாம்." நான் தூக்கி, "மூணு கிலோங்கம்மா"ன்னேன். ரேசன் கடையில கொண்டுபோய் வெச்சுப் பார்த்தா மூணு கிலோ நூறு. "அப்பறமென்னங்க டீச்சர், உங்க கையே மிஷினு. மிஷின் வர்ற வரைக்கும் கையிலயே போட்டு ஏத்துங்க"ன்னு சொல்லிப்போட்டுப் போயிருச்சு. எழுதிக் குடுக்கலை. வாயிலதான் சொல்லுச்சு.

அன்னையில இருந்து ஒம்பது வருசமா இந்தக் கைதானுங்க தம்பி.

இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. நான் பெருமைக்குச் சொல்லலை. அந்தச் சுவத்துல ரெண்டு சட்டம் தொங்குதே, படிங்க. "சிவப்பு இல்லாத மையம்." போன வருசமும் அதுக்கு முந்தின வருசமும், வரிசையா ரெண்டு. முன்னல்லாம் எங்க மையத்துல எப்பவும் ஏழெட்டு மஞ்சள் இருக்கும், ஒண்ணோ ரெண்டோ சிவப்பு இருக்கும். ஒரு மூணு வருசமா எல்லாம் பச்சை. புள்ளைங்க கனம் கூடிப்போச்சுங்க. தூக்கறப்பத் தெரியுது, அப்படியொரு கனம். எல்லாம் நான் சமைக்க ஆரம்பிச்ச பொறவுதான். குருவாத்தா இருந்த காலத்துல சாம்பார்னு தண்ணி காச்சி ஊத்துவா.

ஆமாங்க, அவ ஓய்வாகி நாலு வருசமாச்சு. அந்த எடத்துக்கு ஆள் போடலை. போடறோம்னாங்க. மிஷினைப் போடறோம்னு சொன்ன மாதிரித்தான். அதுவரைக்கும் டீச்சரும் நானு, ஆயாவும் நானு. காலையில வந்து கூட்டி, ரெண்டு குடம் தண்ணி சொமந்தாந்து, அடுப்பு மூட்டிச் சோறாக்கி, ஏனம் கழுவி, கழிச்ச புள்ளையக் கழுவி, நடுவுல பாட்டுச் சொல்லிக் குடுத்து, மத்தியானத்துக்கு மேல கர்ப்பிணி வீடுகளுக்குப் போய்ப் பார்த்து, அப்பறம் போனு. சத்துமாவு மூட்டை வந்தா வேன்காரன் ரோட்டோரமே இறக்கிப்போட்டுப் போயிருவான். உள்ள கொண்டாந்து வெக்கறது அவன் சோலி இல்லையாமா. இருபத்தஞ்சு கிலோ மூட்டை, ஆறு. நான்தான் ஒண்ணொண்ணா.

அதுலதான் இந்தத் தோள்பட்டை போச்சு. சவ்வு கிழிஞ்சிருக்குது, பாரம் தூக்காதேன்னு டாக்டர் சொன்னாரு. நான் சிரிச்சுப்போட்டு வந்துட்டேன். என்ற வேலையே தூக்கறதுதானுங்களே.

சரி, மெமோவுக்கு வர்றேன்.

கோகிலவாணின்னு ஒரு பொண்ணுங்க. திண்டுக்கல் பக்கமிருந்து பொழைக்க வந்தவ. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. புருசன் லாரிக்குப் போறவன், மாசத்துல நாலு நாள் வந்தாப் பெருசு. ஒரே பொண்ணு, தன்ஷிகா. இப்ப மூணு வயசு முடிஞ்சிருக்குது.

கம்பெனி வேன் காலையில ஏழே காலுக்கு வந்துரும். இங்க நான் தொறக்கறது ஒம்பது மணிக்கு. அவ வேன் திரும்பி வர்றது ராத்திரி ஏழரை. இங்க நாலு மணிக்குப் பூட்டணும். நடுவுல புள்ளைய ஆருங்க வெச்சுக்கறது? சர்க்காருக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. நான்தான் வெச்சுக்கிட்டேன். காலையில தூங்கற புள்ளைய என்ற வீட்டுக் கட்டில்ல போட்டுப்போட்டுப் போவா. பொழுதோட நான் என்ற வீட்டுக்கே கூட்டிப்போயிருவேன். ஒத்தக் காசு கேட்டதில்லீங்க. தங்கமான புள்ள. அழுகாது. வெச்ச எடத்துல இருக்கும். இந்த ஆடி மாசத்துக்கு அப்பறமெல்லாம் இன்னும் அமைதி. சத்தமே இல்ல. நாலு புள்ளைங்க அப்படி அமைதியா இருந்தா நானே கோயில் கட்டிக் கும்புடுவேன்.

ஆடியில அதுக்கு வயித்தால போச்சுங்க. ஒரு பத்து நாள். நின்னுருச்சு. அதுக்கப்பறம் சோறு சரியாத் திங்கலை. முட்டையில வெள்ளையை மட்டும் நக்கும். நான் தட்டுல போட்டுருவேன். போட்டாச்சுன்னு போன்ல ஏத்திருவேன். குருவாத்தா இருந்திருந்தா மடியில வெச்சு ஊட்டியிருப்பா. சாம்பார்தான் தண்ணி, ஊட்டறதுல அவளை அடிச்சுக்க ஆளில்ல. நான் ஒருத்தி, ஆருக்குங்க ஊட்டறது?

ஆவணியில ஒரு நா கோகிலவாணி வந்து நிக்கறா. "டீச்சர், புள்ள மெலிஞ்ச மாதிரி இருக்குதுங்க டீச்சர்"ங்கறா. "ஒரு நா லீவு போட்டு பெரியாஸ்பத்திரி கூட்டிட்டுப் போகட்டுங்களா?"

நான் அவ முன்னாலயே புள்ளையத் தூக்கினேன். ஒண்ணு ரெண்டு மூணு. "பன்னெண்டு இருக்குது கண்ணு. நல்ல எடை. போன மாசத்தைவிட கால் கிலோ கூடத்தான். ஒரு நா லீவு போட்டீன்னா அவன் நாலு நாள் உன்னைய உள்ள விட மாட்டான். போ, போய் வேலையப் பாரு"ன்னேன்.

அவ மொகத்துல அப்படியொரு நிம்மதிங்க. "நீங்க சொன்னாச் சரிங்க டீச்சர்"னு போயிட்டா.

மறுக்கா வந்தா. "ஜட்டி இடுப்புல நிக்கவே மாட்டேங்குதுங்க டீச்சர்"ன்னா. கம்பெனியில தள்ளுன பீசு, எடுத்தாந்து தெச்சுப் போட்டா எப்படிங்க நிக்கும்? அதுல எலாஸ்டிக்கே மட்டம். நான் ஒரு ஊக்கைப் போட்டுவிட்டேன். என்ற தாலிக்கயித்துல எப்பவும் பத்துப் பன்னெண்டு ஊக்கு கெடக்கும், பாருங்க. பால்வாடிக்காரிக்கு அதுதான் நகை. பொறவு ஒரு ஊக்கு பத்தாம ரெண்டாப் போட்டேன். அதைக்கூடப் பார்த்துப் பார்த்துச் செஞ்சேனுங்க அந்தப் புள்ளைக்கு.

மூணாவது தடவை அவ வந்தப்பக் கொஞ்சம் கோவிச்சுக்கிட்டேன். ஆமா, ஒத்துக்கறேன். இருபது புள்ளை, அடுப்புல சோறு பொங்குது, இவ வேற. "இருபத்தெட்டு வருசமா எடை போடறேன் கோகிலா, எனக்குத் தெரியாதா உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டுட்டேன். கேட்டுப்போட்டு அட்டையை எடுத்து அவ முன்னாலயே பன்னெண்டரைன்னு எழுதி, பச்சையில புள்ளி வெச்சுக் குடுத்தேன். "பத்திரமா வெச்சுக்க. ஆராவது கேட்டாக் காட்டு"ன்னேன். வாய்விட்டுச் சொன்னேனுங்க தம்பி, ஆராவது கேட்டாக் காட்டுன்னு.

காட்டிட்டா.

அது ஆகிப் பதினஞ்சு நாள்ல, புரட்டாசியில பூசை லீவு வந்துச்சில்ல, நாலு நாள். அந்த லீவுல புள்ளைக்குக் காய்ச்சல். கண்ணைத் தொறக்கலை. தூக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடியிருக்கா. அங்க நர்ஸம்மா தராசுல வெச்சிருக்குது. ஒம்பது கிலோ இருநூறு.

டாக்டரு இவளைப் புடிச்சுக் கத்தியிருக்காரு. "பெத்தவளா நீ? இவ்வளவு நாளு என்ன பண்ணிட்டிருந்த?"ன்னு. இவ பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டியிருக்கா. டாக்டரு அட்டையைப் பார்த்தாரு, தேதியைப் பார்த்தாரு, போட்டோ புடிச்சு எங்க ஆபீசுக்கு அனுப்பிட்டாரு. எனக்கு மெமோ. எடையைத் தப்பா எழுதினதுக்கு வெளக்கம் குடுன்னு.

புள்ள நல்லா இருக்குதுங்க. சத்துக் கொறைஞ்ச புள்ளைங்களுக்குன்னு அங்க தனி வார்டு இருக்குது, அதுல வெச்சிருக்காங்க. மூக்குல ட்யூப் போட்டிருந்ததை முந்தாநாள் எடுத்துட்டாங்களாமா. இவ வேலையும் போச்சு, பதினெட்டு நாளா அங்கயே கெடக்கறா.

நான் போய்ப் பார்க்கலையான்னு கேக்கறீங்களா? போனேன். மொத ஞாயித்துக்கிழமையே போனேன். ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கிட்டுப் போனேன். அவ ஒரு வார்த்தை திட்டலீங்க. திட்டியிருந்தாத் தேவலை. எந்திரிச்சு எனக்கு ஸ்டூலைப் போட்டா. போட்டுப்போட்டு, "நீங்க தூக்கிப் பார்த்தீங்களே டீச்சர்"னா. அவ்வளவுதான். அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. வெடிய வெடியத் தூக்கமில்லை. நான் வளர்த்த புள்ளைங்க தம்பி அது. அவ பெத்தா, அவ்வளவுதானே. பொழுதன்னைக்கும் என்ற சீலையைப் புடிச்சுக்கிட்டுத்தானே நின்னுச்சு.

அதான் எழுதிட்டேன். அந்தக் கவர்ல. என்ற கையில பன்னெண்டரை இருந்த புள்ளைங்க. என்ற கை தப்பாது. அப்ப இந்தச் சரிவு எப்ப நடந்திருக்கும்? நான் எடை போட்ட பொறவு, லீவு நாள்ல, அவ வீட்டுலதான். அதைத்தான் எழுதியிருக்கேன். தாயாருடைய கவனக் குறைவால் குழந்தை எடை இழந்ததுன்னு. பக்கத்து ஊர் டீச்சர்தான் வாசகம் சொல்லிக் குடுத்தா. அப்படித்தான் எழுதணுமாமா. அப்படி எழுதினா மேல போகாம முடிச்சிருவாங்களாமா. இல்லாட்டி ஓய்வுப் பணத்துல கையை வெப்பாங்க. அவளுக்கு என்ன ஆகும்னு கேட்டேன். "ஒண்ணும் ஆகாது, ஆராவது ஆபீசர் கூப்புட்டுக் கண்டிப்பாங்க, கையெழுத்து வாங்குவாங்க"ன்னா. அவ புருசன் காதுக்குப் போனா ஒருவேளை அவன் ரெண்டு சாத்துவான். அவன் அப்படிப்பட்ட ஆளுதான். நான் என்னங்க பண்ணட்டும்?

பதினஞ்சு நாள்ல மூணே கால் கிலோ எப்படிங்க கொறையும்னா கேக்கறீங்க? கொறையாதா? காய்ச்சல்ல கொறையும் தம்பி. கொறையும். நான் பார்த்திருக்கேன்.

பார்த்திருக்கேன்னுதான் நெனைக்கறேன்.

பிரணவ், எந்திரிக்காத சாமி, ஊக்கு கழண்டு குத்திப்போடும். பாருங்க, இவனுக்கும் ரெண்டு ஊக்கு. இந்தக் காலத்துத் துணியே இப்படித்தான்.

சார்ஜ் ஏறிருச்சா? பச்சை எரியுதா? போடுங்க, போடுங்க, பார்க்கலாம். புள்ளைங்களா, சத்தம் போடாதீங்க, மாமா மிஷின் போடறாரு. இதென்னங்க, தட்டையா, நின்னாலே போதுமா? தொங்க விட வேண்டாமா? அட, அழுகற சத்தமே இருக்காதே.

சோதனை பண்ணிக் காட்டணுமா? பண்ணுங்க. எதை வெச்சு? எடைக்கல்லா? ஓ, அந்தப் பைக்குள்ள கல்லா இருந்துச்சு! நான் சொன்னேனில்ல, பாறாங்கல்லுன்னு. அப்படியே பையோட வெக்கறீங்களா, வெயுங்க. என்ன காட்டுது, எனக்குக் கண்ணாடி எடுக்கணும், இருங்க.

பத்து.

பத்துப் புள்ளி பூஜ்யம் அஞ்சு. பை கொஞ்சம், மீதி கல்லு. ரெண்டு அஞ்சு கிலோ கல்லுன்னா சொல்றீங்க?

மிஷின் கெட்டுப்போச்சு தம்பி. வந்தன்னைக்கே கெட்டுப்போச்சு. எறக்கறப்ப எங்கயோ அடிபட்டிருக்கும். இது பதிமூணரைங்க. நீங்க வந்ததும் நான் தூக்கினேன், நான் சொன்னேன், நீங்களும் கேட்டீங்களே. என்னது, முத்திரையா? காட்டுங்க. அஞ்சு கிலோன்னு வெட்டியிருக்குது. இதுலயும் அஞ்சு கிலோ. இந்த வருசத்து முத்திரை.

இருங்க. எடுக்காதீங்க. நான் ஒருக்காத் தூக்கறேன். இல்ல, நீங்க புடிக்க வேண்டாம், விடுங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு.

பதிமூணரை.

என்ற கையில பதிமூணரைதான் வருதுங்க தம்பி. நான் பொய் சொல்லலை. சாமி சத்தியமா எனக்குப் பதிமூணரை கனம் கனக்குது. எப்பத்திலிருந்து இப்படி? மூட்டை தூக்கினதுல இருந்தா? நாலு வருசமாவா? புள்ளைங்க கனம் கூடிப்போச்சுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே.

உங்க போன்ல கணக்குப் போடற மாதிரி இருக்குதில்ல? எனக்கு ஒண்ணு போட்டுச் சொல்லுங்க. பத்துக் கிலோ எனக்குப் பதிமூணரைன்னு தெரியுது. அப்ப எனக்குப் பன்னெண்டரைன்னு தெரிஞ்சது நெசத்துல எவ்வளவுங்க?

மறுக்காப் போடுங்க.

ஒம்பதே கால். நர்ஸம்மா ஒம்பது இருநூறுன்னு சொல்லுச்சு.

அப்ப லீவு நாள்ல ஒண்ணும் ஆகலை. அவ வீட்டுல ஒண்ணும் ஆகலை. நான் தூக்கறப்பவே புள்ள ஒம்பது கிலோதான் இருந்திருக்குது. என்ற கையிலயேதான் இருந்துச்சு, அவ்வளவு மெலிஞ்சு. மூணு தடவை வந்தாளே தம்பி. பெத்தவளுக்குத் தெரிஞ்சுச்சே. மூணு தடவையும் நான்தானே திருப்பி அனுப்புனேன். பச்சையில புள்ளி வெச்சுக் குடுத்தேனே.

வேண்டாமுங்க, தண்ணி வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன்.

அந்தக் கவரைக் குடுங்க. குடுங்க தம்பி, தபால் போகாட்டிப் பரவால்ல. நாளைக்கு நானே நேர்ல போய்ச் சொல்லிக்கறேன். என்ன பண்றாங்களோ பண்ணட்டும். ஆஸ்பத்திரி வழியாப் போறேன். அவகிட்ட மொதல்ல சொல்லணும், நீ சொன்னதுதான் கண்ணு சரின்னு.

மிஷினைக் கட்டிப் போட்டுறாதீங்க, அங்கயே இருக்கட்டும். நீங்க போறதுக்கு முன்னால பத்தொம்பது பேரையும் ஏத்தி எறக்கணும். நீங்க நம்பரைப் படிச்சுச் சொல்லுங்க, நான் எழுதறேன். நான் ஒண்ணையும் தூக்க மாட்டேன். அவங்களே நடந்து வந்து ஏறட்டும்.

பிரணவ், நீ வா சாமி மொதல்ல. மெதுவா வா. அந்த ஊக்கு போட்ட புள்ளைங்கல்லாம் அவனுக்குப் பின்னால வரிசையா நில்லுங்க பார்க்கலாம்.

எத்தனை பேருங்க தம்பி? எண்ணிச் சொல்லுங்க. எனக்குக் கண்ணு தெரியலை.